நெய்வேலியைப் பற்றிப் பேசுகிறவர்களும் பேசாதவர்களும்

நெய்வேலியைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வைத்துக்கொள்ளாத தமிழரைக் காண்பது அரிது. ஊரைக் கண்ணால் பாராதவர்கள்கூட, அங்கே பழுப்பு நிலக்கரி வெட்டுகிறார்கள், அதை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு அண்டை மாநிலங்களுக்குப் போகிறது என்ற மூன்று விஷயங்களை மட்டும் கைவசம் வைத்துக்கொண்டு, நிலம், நீர், வேலை, விபத்து, மத்திய அரசு என்று எதைப் பற்றிய செய்தி வந்தாலும் வந்த கணத்திலேயே தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள்.

இவ்வழக்கம் கைப்பேசி வந்த பிறகு தோன்றியதன்று. 2002-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி, கர்நாடகம் காவிரி நீரைத் திறந்துவிட மறுத்திருந்த நாட்களில், தமிழ்த் திரையுலகினர் இயக்குநர் பாரதிராஜா முன்னிற்க நெய்வேலிக்குத் திரண்டு வந்து, தண்ணீர் தராத மாநிலத்துக்கு இங்கிருந்து மின்சாரம் போகக் கூடாது என்று முழங்கினார்கள். அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருந்த வேதனை நியாயமானது. டெல்டாவின் வயல்கள் தண்ணீருக்கு ஏங்கிக் கிடந்தன. ஆனால் அதற்குப் பின் நாடு வாரக்கணக்கில் விவாதித்தது, ஊர்வலத்துக்கு வந்தவர் யார், வராதவர் யார், மறுநாள் சென்னையில் தனியே உண்ணாவிரதம் இருந்த ரஜினிகாந்தின் உள்ளக்கிடக்கை என்ன என்பவற்றைத்தான். நெய்வேலியில் பிறக்கும் மின்சாரத்தை ஒரு மாநிலத்துக்கு மட்டும் போகாமல் நிறுத்த முடியுமா என்ற ஆதாரமான கேள்வியை எழுப்பி, அதற்கு விடையும் சொன்ன குரல் எதுவும் அந்நாளைய ஆரவாரத்தில் என் காதில் விழவில்லை.

விடையோ எளியது. இங்குள்ள ஜெனரேட்டர்களிலிருந்து புறப்படும் மின்சாரம், தென்மாநிலங்களையெல்லாம் பிணைக்கும் மின்தொகுப்பிலே கலந்துவிடுகிறது. அந்தத் தென்மண்டலத் தொகுப்பும் 2013 டிசம்பர் 31 அன்று நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைக்கப்பட்டுவிட்டது. கலந்த பின் அது இயற்கையின் விதிப்படி ஓடுமேயன்றி, மாநில எல்லையைப் பார்த்துத் தயங்கி நிற்பதில்லை. இன்ன மாநிலத்துக்கு இவ்வளவு என்பது மத்திய அரசு நிர்ணயிக்கும் ஒதுக்கீடு. அது நடைமுறையில் கணக்கேட்டைச் சேர்ந்த விஷயம். ஒதுக்கீட்டை மாற்றும்படி தில்லியைக் கேட்பது பொருளுள்ள கோரிக்கை. நெய்வேலியின் வாசலிலே நின்று கம்பியைத் துண்டிக்கும்படி கேட்பது, எவ்வளவு தூய உள்ளத்திலிருந்து வந்தாலும், நிறைவேற வழியில்லாத கோரிக்கை. இதை நன்றாக அறிந்த பொறியாளர்களும் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் அதே நகரியத்தில் இருந்தார்கள். அன்றைக்கும் அவர்கள் ஷிஃப்டுக்குப் போனார்கள், வந்தார்கள், பேசவில்லை.

இந்த மௌனத்தைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன். செய்தி கேட்டவுடன் கொதிக்கிறவர்களைக் கண்டிக்கும் கட்டுரைகள் நம்மிடம் ஏராளம். அவர்களைக் கண்டிப்பது எளிது என்பதும் அதற்கு ஒரு காரணம். எனக்கோ, அறியாமல் பேசுகிறவர்களின் குற்றத்தைவிட, அறிந்தும் பேசாதவர்களின் குற்றமே பெரிதாகத் தோன்றுகிறது.

2023-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பச்சைப் பசேலென்று நின்ற நெற்பயிரின் நடுவே, மஞ்சள் நிறப் பொக்லைன் ஒன்று தன் கையை நீட்டி, பயிரை வேரோடும் சேற்றோடும் வாரிப் பக்கத்திலே கொட்டும் காட்சியை அன்று மாலைக்குள் தமிழகம் முழுவதும் கைப்பேசியில் பார்த்துவிட்டது. சில விநாடிகளே ஓடும் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் பொழுது சாய்வதற்குள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். சோறு போடும் நிலத்தைக் கொல்லும் பாவிகள் என்றது ஓர் அணி. பணம் வாங்கிக்கொண்ட நிலத்தில் மறுபடியும் பயிர் வைத்தது யார் குற்றம், உங்கள் வீட்டு மின்விசிறி காற்றிலா சுழல்கிறது என்று கேட்டது மற்றோர் அணி. இரண்டு நாள் கழித்து, 28-ஆம் தேதி, பாட்டாளி மக்கள் கட்சியின் முற்றுகைப் போராட்டம் கலவரமாக மாறி, அன்புமணி ராமதாஸ் கைதாகி, காவல்துறை வானத்தை நோக்கிச் சுட்ட பின்பு, கேள்வி நிலத்தைப் பற்றியதாகவே இல்லாமல் போய், எந்தக் கட்சிக்கு இதனால் ஆதாயம் என்பதாகிவிட்டது.

அந்த இயந்திரம் அங்கே எதைத் தோண்டிக்கொண்டிருந்தது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? அது சுரங்கமே அன்று. பரவனாற்றைத் திருப்பிவிடுவதற்கான கால்வாய். இரண்டாம் சுரங்கம் விரிந்துகொண்டே வந்து ஆற்றின் பழைய தடத்தை நெருங்கிவிட்டது. மழைக்காலத்தில் அந்த ஆற்றிலே பெருக்கெடுக்கும் வெள்ளத்துக்கு வேறு பாதை அமைக்காவிட்டால், அது சுரங்கத்தையும் அதிலே வேலை செய்கிறவர்களையும் ஆபத்தில் தள்ளும், சுற்றியுள்ள ஊர்களுக்குள்ளும் புகும். ஆகவே கால்வாய் வேண்டும் என்று சுரங்க நிர்வாகம் சொன்னதில் உண்மை இருந்தது. அதே சமயத்தில், பயிர் வைத்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்ற பேச்சில் உண்மை இல்லை. அந்த நிலங்களில் பெரும்பகுதி பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டவை என்பது மெய்; ஆனால் கையகப்படுத்திய நிலத்தை நிர்வாகம் உடனே வேலிபோட்டு எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்பார்த்த நிரந்தர வேலை வரவில்லை, வேறு பிழைப்பும் இல்லை, தலைமுறையாக உழுத வயல் கண்ணெதிரே சும்மா கிடக்கிறது என்றால், பருவம் வந்ததும் ஒரு குடியானவன் என்ன செய்வான்? விதைப்பான். பல ஆண்டுகள் பொறுத்திருந்த ஸ்தாபனத்துக்கு இன்னும் ஓரிரு மாதங்கள் பொறுத்து, கதிர் அறுத்த பின் மண்ணை வெட்ட மனம் வரவில்லை என்பதே அங்கு நிகழ்ந்த அநியாயம். சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவரே பயிர் அழிந்த காட்சியைக் கண்டு கண்ணீர் வந்ததாக நீதிமன்றத்தில் சொன்னார். சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி உயர்நீதிமன்றம் பின்னர் உத்தரவிட்டது.

கால்வாய் அவசியம், பயிரை அழித்தது அநீதி என்ற இரண்டு முடிவுகளும் ஒரே மனிதனின் உள்ளத்தில் சேர்ந்து இருக்க முடியும், இருக்கவும் வேண்டும். ஆனால் செய்தி வந்த முதல் ஒரு மணி நேரத்தில் எடுக்கப்படும் நிலைப்பாட்டில் இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் கிடைக்கிறது. மறுநாள் புதிய விவரம் ஒன்று தெரியவந்தாலும், நேற்றுப் பலர் அறியச் சொன்னதை மாற்றிக்கொள்வது மானக்கேடாகப்படுவதால், அந்த விவரமே பகைவனாகிவிடுகிறது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் இங்கே அழுத்தமாகச் சொல்லவேண்டும். வரப்பிலே நின்று தன் பயிர் வாரிக் கொட்டப்படுவதைப் பார்த்து அலறிய பெண்ணிடம், அம்மா, பரவனாற்றின் நீரியலைப் படித்துவிட்டு வந்து பேசுங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவருடைய துக்கம் எந்தப் பரீட்சையும் எழுதித் தேறவேண்டியதன்று. நான் விவேகத்தை எதிர்பார்ப்பது, ஐம்பது அல்லது ஐந்நூறு மைலுக்கு அப்பால், தன்னுடைய பயிரோ தன்னுடைய சம்பளமோ சம்பந்தப்படாத நிலையில், தீர்ப்புக் கூறும் ஆசனத்தில் தானே ஏறி அமர்ந்துகொள்கிறவர்களிடம்தான்.

நெய்வேலியின் பூர்வ சரித்திரத்தில் இதற்கு நேர்மாறான ஓர் அத்தியாயம் உண்டு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பிறக்கிறது. 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் ஆழ்குழாய் இறக்கியபோது நீரோடு கறுப்பான பொருள் ஒன்று வெளிவந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று தெரிந்து, நிலத்துக்கடியில் அது பரந்து கிடப்பதும் புலனான பிறகும், அதை வெட்டி எடுக்க முடியுமா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே பலத்த ஐயம் இருந்தது. காரணம் தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே மணற்பாறையில் அடைபட்டுக் கிடக்கும் நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. மேலேயுள்ள மண்ணின் பாரம் இருக்கிறவரை அது அடங்கியிருக்கும். ஐம்பது மீட்டருக்கு மேல் தோண்டி அந்தப் பாரத்தை அகற்றிவிட்டால், கொதிக்கும் உலை மூடியைத் தூக்குவதுபோல, சுரங்கத்தின் தரையையே அது பெயர்த்துவிடும்.

இந்த ஐயம் ஆதாரமுள்ள ஐயம். ஆகவே அதற்கு ஆதாரத்தாலேயே பதில் தேடினார்கள். சிறிய குழி ஒன்றை வெட்டிப் பார்த்தார்கள். சுற்றிலும் குழாய்களை இறக்கி நீரை இறைத்துப் பார்த்து, அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். கொழும்புத் திட்டத்தின் உதவியால் லண்டனிலிருந்து பவல் டஃப்ரின் கம்பெனியின் நிபுணர்கள் வந்து 1954-இல் திட்ட அறிக்கை தந்தார்கள். 1956-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பிறந்தது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு முதல் சுரங்க வெட்டைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. நாலு வருஷம் வெறும் மண்ணை மட்டுமே வெட்டியிருக்கிறார்கள். அத்தனை காலமும், இது பாழும் குழி என்று சொன்னவர்களுக்கும், இல்லை, பலன் உண்டு என்று சொன்னவர்களுக்கும் நடுவே, இறைத்த நீரின் கணக்கும் வெட்டிய மண்ணின் கணக்கும் இருந்தன. சுரங்க விளிம்பிலே நின்று இன்று கீழே பார்க்கிறவர்கள், பக்கெட் வீல் எனப்படும் அந்த ராட்சதச் சக்கரம் அடுக்கடுக்காக மண்ணைச் செதுக்கி, கிலோமீட்டர்க் கணக்கில் நீளும் கன்வேயர் பட்டையிலே அனுப்புவதைக் கண்டு வியக்கிறார்கள். எனக்கு அதைவிட வியப்பளிப்பவை, சுரங்கத்தைச் சுற்றி இரவும் பகலும் ஓடிக்கொண்டேயிருக்கும் பம்புகள். அவை நின்றால் சுரங்கம் இல்லை.

அந்தப் பம்புகள் இறைக்கும் தண்ணீரைப் பற்றியும் இன்று இரண்டு கூச்சல்கள் இருக்கின்றன. மாவட்டத்தின் நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்த்துவிட்டார்கள் என்பது ஒன்று. வாலாஜா ஏரிக்குச் சுரங்க நீரை விட்டு விவசாயத்தையே வாழவைக்கிறார்கள் என்பது மற்றொன்று. வாலாஜா ஏரிக்கு நீர் போவது உண்மை. அந்நீரால் விளையும் வயல்களும் உண்மை. கிராமங்களில் ஒரு காலத்தில் தானாகவே பொங்கிய கிணறுகள் பொங்குவதை நிறுத்தி, மோட்டாரை மேன்மேலும் ஆழத்தில் இறக்கவேண்டியிருப்பதும் உண்மை. எந்த ஊரில், எந்த ஆண்டில், எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தின் சுவரிலே ஒட்டிவைத்தால், இரண்டு கூச்சல்களும் பாதியாகக் குறையும்.

விஞ்ஞானச் செய்திக்கும் இதே கதிதான். 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திரமும் சேர்ந்து, நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் நீரையும் மண்ணையும் எடுத்துப் பரிசோதித்து, பாதரசம் முதலானவை அளவுக்கு மீறி இருப்பதாக அறிக்கை வெளியிட்டன. நிலக்கரியில் மிகச் சிறிய அளவில் பாதரசம் உண்டென்பதும், எரிக்கும்போது அது ஆவியாகிப் புகையோடு போகும் என்பதும் உலகம் அறிந்த விஷயங்கள். ஆகவே அறிக்கை அக்கறையோடு படிக்கத்தக்கது. ஆனால் நடந்தது என்ன? வளர்ச்சியைக் கெடுக்க வெளிநாட்டுப் பணம் வாங்கினவர்கள் என்று, அறிக்கையின் முதல் பக்கத்தையும் புரட்டாமல் சிலர் தள்ளினார்கள். கடலூர் மாவட்டத்துத் தண்ணீர் முழுவதும் நஞ்சு என்று, அதே பக்கத்தைப் புரட்டாமல் வேறு சிலர் பரப்பினார்கள். மாதிரி எடுத்த இடங்கள் எவை, எந்தப் பருவத்தில் எடுத்தார்கள், மூன்று மாதம் கழித்து அதே கிணற்றில் எடுத்தால் என்ன வரும் என்று கேட்பதல்லவா ஒரு விஞ்ஞான முடிவுக்குக் காட்டவேண்டிய மரியாதை? அந்தக் கிணற்று நீரைக் குடிக்கும் குடும்பத்துக்கு வேண்டியது இரண்டாவது பரிசோதனையும், அதுவரையில் நல்ல குடிநீரும். இரண்டு அணிகளின் ஆவேசமும் சேர்ந்து அதற்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரவில்லை.

விரைவில் பிறக்கும் அபிப்பிராயம் விரைவில் மறைந்தும் போகிறது என்பதை நான் மிகுந்த வருத்தத்தோடு கண்டது 2020-இல். அந்த ஆண்டு மே 7-ஆம் தேதி, விசாகப்பட்டினத்தில் விஷவாயு கசிந்து மக்கள் மடிந்த அதே நாளில், நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நேர்ந்தது. தீக்காயமடைந்தவர்களில் சிலர் பின்னர் இறந்தார்கள். நாட்டின் கவனம் அன்று விசாகப்பட்டினத்தின்மேல் இருந்தது. இரண்டே மாதத்தில், ஜூலை 1 அன்று, அதே நிலையத்தில் மற்றொரு கொதிகலன். நிறுத்திவைத்திருந்த அலகை மறுபடி ஓட்டுவதற்கான ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்த வேளை. அன்றே ஆறு பேர் மாண்டார்கள், அவர்களுள் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். உடனே எழுந்த குரல்களில், ரஷ்யக்காரன் காலத்துப் பழைய கொதிகலன், வெடிக்காமல் என்ன செய்யும் என்பது ஒன்று. என்னிடமே பலர் அப்படிச் சொன்னார்கள். சோவியத் உதவியோடு 1960-களில் எழுந்தது முதல் அனல்மின் நிலையம்; விபத்து நடந்ததோ இரண்டாவதில், 1980-களிலும் 90-களிலும் ஓடத் தொடங்கிய அலகுகளில். பழமைதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டால், பராமரிப்பில் என்ன நடந்தது, மே மாதத்து விபத்தின் பாடம் ஜூலைக்குள் ஏன் பயன்படவில்லை, ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன பயிற்சி கொடுத்து அந்த உயரத்துக்கு அனுப்பினார்கள் என்ற கேள்விகளைக் கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. தவறான அபிப்பிராயம் யாரைத் தாக்குவதாக எண்ணுகிறதோ அவரையே சில சமயம் காப்பாற்றிவிடுகிறது. அதற்குப் பிந்திய வாரங்களில் மருத்துவமனையிலிருந்து ஒவ்வொருவராக இறந்துபோன செய்திகள் வந்துகொண்டிருந்தபோது, முதல் நாளின் கொதிப்பில் நூற்றில் ஒரு பங்கும் நாட்டில் மிச்சமிருக்கவில்லை.

இனி அறிந்தவர்களிடம் வருகிறேன். பணியில் இருப்பவர்களின் வாயை உத்தியோக விதிகள் கட்டுகின்றன, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுரங்கத்திலும் மின்நிலையத்திலும் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் வடக்குத்திலும் இந்திரா நகரிலும் வடலூரிலும் கடலூரிலும் சென்னையிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். காலை நடையிலே அவர்களோடு கூடச் சென்றால், பத்து நிமிஷத்தில் கால்வாயின் அவசியத்தையும் சொல்வார்கள், நிர்வாகத்தின் பிசகையும் சொல்வார்கள். கேட்கிறவனுக்கு ஒரு புத்தகம் படித்த தெளிவு உண்டாகும். அதைத் தமிழில் எழுதித் தாருங்கள் என்றால், நமக்கெதற்கு வம்பு என்று கையை விரிக்கிறார்கள். டெக்னிக்கல் விஷயத்தைத் தமிழில் எழுத வராது என்றும் சிலர் சொல்வதுண்டு. எழுத வராது என்பதை நான் நம்பவில்லை. ஓவர்பர்டன் என்பதை மேல்மண் என்றும், டம்ப் என்பதை மண்மேடு என்றும் சுரங்கத் தொழிலாளி நாள்தோறும் பேசிக்கொண்டுதான் இருக்கிறான்.

உண்மையான தடை வேறு. நகரியத்தின் உள்ளே வட்டம் வட்டமாக, மர நிழலும் தண்ணீரும் பள்ளியும் ஆஸ்பத்திரியுமாக ஒரு வாழ்க்கை. ஆர்ச் கேட்டைக் கடந்தால், அந்த வாழ்க்கைக்காக நிலம் கொடுத்தவர்களின் வேறொரு வாழ்க்கை. இரண்டுக்கும் நடுவே பேச்சுவார்த்தை, போராட்டம், வழக்கு எல்லாம் உண்டு. சாதாரணமான பேச்சு குறைவு. உள்ளே இருப்பவர் தமக்குத் தெரிந்ததை வெளியே இருப்பவரிடம் சொல்லிப் பழகவில்லை. சொல்லாத இடத்தை வதந்தி நிரப்புகிறது. பின்னர் அந்த வதந்தியைக் காட்டி, ஜனங்களுக்கு என்ன தெரியும் என்று உள்ளே இருப்பவர் அலுத்துக்கொள்கிறார்.

நெய்வேலியில் 1998 முதல் கார்ப்பரேஷனே புத்தகக் கண்காட்சி நடத்திவந்திருக்கிறது. எழுத்தாளர்களைக் கௌரவித்து, பிள்ளைகளுக்குப் படிக்கும் ஆசையை ஊட்டிய நல்ல காரியம் அது. அந்த மேடையிலே ஒரே ஒரு மாலையை, வளையமாதேவி, கரிவெட்டி, கத்தாழை போன்ற ஊர்களிலிருந்து வருகிறவர்கள் கேள்வி கேட்கவும், சுரங்கப் பொறியாளர்கள் தமிழில் விடை சொல்லவும் ஒதுக்கவேண்டும் என்று நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். கேள்விகள் கடுமையாக இருக்கும், இருக்கட்டும். கிணற்று மட்டத்தின் கணக்கும், புகைபோக்கியில் அளந்த கணக்கும், விபத்து விசாரணையின் முடிவுகளும் தமிழில், எவரும் படிக்கும்படி வெளிவரவேண்டும்.

ஓய்வுபெற்ற பொறியாளர்களுக்கும், ஓவர்மேன்களுக்கும், போர்மேன்களுக்கும் எனது விண்ணப்பம் தனி. அடுத்த முறை நெய்வேலியைப் பற்றி ஒரு செய்தி வந்து, ஊரெல்லாம் கொதிக்கும்போது, நீங்கள் அறிந்ததை ஒரு பக்கமாவது தமிழில், உங்கள் சொந்தப் பெயரிலே, உங்கள் பழைய நிர்வாகத்துக்கு அனுகூலமான பகுதியையும் பிரதிகூலமான பகுதியையும் மறைக்காமல் எழுதி, ஏதேனும் ஒரு பத்திரிகைக்கு அனுப்புங்கள். அதைப் பிரசுரிக்கும் கடமை பத்திரிகைகளுக்கு உண்டு.